வானத்தின் நீல நிறம்

வானத்தின் நீல நிறம் என்பது, சூரிய ஒளி புவியின் வளிமண்டலத்தில் உள்ள காற்று மூலக்கூறுகளால் சிதறடிக்கப்படுவதால் பகல் வானில் தோன்றும் நிறம் ஆகும். சூரியனிலிருந்து வரும் வெள்ளொளியில் பல நிறங்கள் கலந்துள்ளன. அவற்றுள் நீலம், ஊதா போன்ற குறுகிய அலைநீளம் கொண்ட நிறங்கள் சிவப்பு நிறத்தைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் சிதறுகின்றன. சிதறிய இவ்வொளி எல்லாத் திசைகளிலிருந்தும் கண்ணை வந்தடைவதால் வானம் முழுவதும் நீலமாகத் தோன்றுகிறது. இந்நிகழ்வு, இதனைக் கணித முறையில் விளக்கிய ஆங்கிலேய இயற்பியலாளர் இராலே பிரபுவின் பெயரால் இராலே சிதறல் எனப்படுகிறது. தமிழில் வெளிர் நீல நிறத்தை வான்நீலம் என்றும் ஆகாய நீலம் என்றும் வழங்குவர்.

"வானம் ஏன் நீலமாக இருக்கிறது?" என்பது குழந்தைகள் அடிக்கடி கேட்கும் வினாக்களுள் ஒன்று. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு நிறைவான விடை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைத்தது. குழந்தைகளுக்குப் பெரியோர் பெரும்பாலும் கூறும் விடைகளான "கடலின் நிறம் வானில் தெரிகிறது", "காற்றில் உள்ள தூசியும் நீராவியுமே காரணம்" என்பவை பிழையானவை. "வானின் நிறமே கடலில் தெரிகிறது" என்பது முழு உண்மை அன்று. இவற்றுள் பின்னைய இரண்டையும் ஒரு காலத்தில் புகழ்பெற்ற அறிவியலாளர்களே ஏற்றிருந்தனர். கடலின் நிறம் பற்றிய கருத்தை ஐயுற்றுச் சோதித்த சி. வி. இராமனின் ஆய்வு, பின்னர் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த கண்டுபிடிப்புக்கு இட்டுச் சென்றது.

அடிப்படை விளக்கம்

சூரிய ஒளியும் நிறங்களும்

சூரிய ஒளி வெண்மையாகத் தோன்றினாலும் அது ஊதா, கருநீலம், நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களின் கலவையாகும். முப்பட்டகம் ஒன்றின் வழியே ஒளியைச் செலுத்தும்போதும், வானவில் தோன்றும்போதும் இந்நிறங்கள் பிரிந்து தெரிகின்றன. ஒளி ஓர் அலையாகப் பரவுகிறது. அடுத்தடுத்த இரு அலை முகடுகளுக்கு இடையிலுள்ள தொலைவு அலைநீளம் எனப்படும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஊதா நிறத்தின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டர். நீலத்தின் அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர். ஆழ்ந்த சிவப்பின் அலைநீளம் ஏறத்தாழ 700 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஆகும்.

சிதறல்

வளிமண்டலத்தின் பெரும்பகுதி நைட்ரசன், ஆக்சிசன் ஆகிய வளிமங்களால் ஆனது. இவற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியவை. ஒளியலை ஒரு மூலக்கூறைக் கடக்கும்போது அதிலுள்ள எலக்ட்ரான்களை அதிரச் செய்கிறது. அதிரும் எலக்ட்ரான்கள் தாமும் அதே அலைநீளம் கொண்ட ஒளியைப் பல திசைகளிலும் வெளியிடுகின்றன. இவ்வாறு ஒளி தன் நேர்வழியிலிருந்து விலகிப் பரவுவதே சிதறல் ஆகும். இங்கு ஒளி காற்றினால் உறிஞ்சப்படுவதில்லை. அதன் திசை மட்டுமே மாறுகிறது.

நான்காம் அடுக்கு விதி

அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களால் ஒளி சிதறும்போது, சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் அமைகிறது. அதாவது அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகிறது. இதன்படி 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளி, 700 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ 6 மடங்கு மிகுதியாகச் சிதறுகிறது. ஊதா ஒளி 9 மடங்குக்கும் மேல் சிதறுகிறது.

சூரியன் இருக்கும் திசையை விட்டு வானின் வேறொரு பகுதியைப் பார்ப்பவருக்கு நேரடிச் சூரிய ஒளி கிடைப்பதில்லை; காற்றினால் சிதறடிக்கப்பட்ட ஒளியே கிடைக்கிறது. அதில் குறுகிய அலைநீள நிறங்கள் மேலோங்கி இருப்பதால் அது நீலமாகத் தெரிகிறது.

வரலாறு

தொடக்ககாலக் கருத்துகள்

9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபு அறிஞர் அல்-கிந்தி, வானின் நீல நிறம் குறித்துத் தனி நூலொன்றை எழுதினார். ஒளிபெற்ற தூசியும் ஆவியும் அவற்றுக்கு அப்பாலுள்ள இருளுடன் கலந்து நீலமாகத் தோன்றுவதாக அவர் கருதினார். இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி, விறகுப் புகை இருண்ட பின்னணியில் நீலமாகத் தெரிவதைக் கவனித்து, காற்றின் நீலமும் இத்தகையதே என எழுதினார். ஐசாக் நியூட்டன் தமது ஒளியியல் ஆய்வுகளில், காற்றிலுள்ள மிக நுண்ணிய நீர்த் துளிகள் சோப்புக் குமிழிபோல நீல நிறத்தைக் காட்டுவதாகக் கருதினார்.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஒராசு-பெனடிக்ட் டி சோசூர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வானின் நீலத்தை அளக்க ஒரு கருவியை உருவாக்கினார். வெண்மையிலிருந்து கருமை வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நீலச் சாயல்கள் தீட்டப்பட்ட தாள்களை ஒரு வட்டத்தில் ஒட்டி, அவற்றுள் வானுடன் பொருந்துவது எதுவெனப் பார்ப்பதே அதன் முறை. மலையின் மேல் ஏற ஏற வானின் நீலம் ஆழ்ந்து செல்வதை இதனால் எண்களில் குறிக்க முடிந்தது. செருமானிய நாட்டு அறிஞர் அலெக்சாண்டர் வான் அம்போல்ட் இக்கருவியைத் தென் அமெரிக்கப் பயணத்தில் எடுத்துச் சென்றார். 1809 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பிரான்சுவா அராகோ, வானிலிருந்து வரும் ஒளி முனைவாக்கம் பெற்றது என்பதைக் கண்டறிந்தார். அதாவது அவ்வொளியின் அதிர்வுகள் எல்லாத் தளங்களிலும் சமமாக இல்லாமல் ஒரு தளத்தில் மிகுந்திருந்தன. வானின் நிறத்தை விளக்கும் எந்தக் கொள்கையும் இதனையும் விளக்க வேண்டியதாயிற்று.

டின்டாலின் சோதனை

அயர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜான் டின்டால் 1860களின் இறுதியில் கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் சில ஆவிகளை நிரப்பி, அதன் வழியே வலிமையான ஒளிக்கற்றையைச் செலுத்தினார். ஒளியின் வினையால் குழாயினுள் மிக நுண்ணிய துகள்கள் உருவாயின. துகள்கள் மிகச் சிறியவையாக இருந்தபோது குழாயினுள் வானத்தைப் போன்ற நீலம் தோன்றியது. துகள்கள் பெரிதாக வளர்ந்தபோது நீலம் மங்கி வெண்மையானது. ஒளிக்கற்றைக்குச் செங்குத்தான திசையில் பார்த்தபோது அந்த நீல ஒளி, வானின் ஒளியைப் போலவே முனைவாக்கம் பெற்றிருந்தது. இதனால் வானின் நீலத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்க முடிந்தது. எனினும் வானில் அவ்வாறு ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள் எவை என்ற வினா எஞ்சி நின்றது.

இராலே பிரபு

இராலே பிரபு என அறியப்பட்ட ஜான் வில்லியம் இசுட்ரட் 1871 ஆம் ஆண்டில் நான்காம் அடுக்கு விதியை வருவித்தார். அப்போது அவரும் காற்றில் மிதக்கும் நுண்துகள்களே காரணம் என எண்ணினார். 1873 ஆம் ஆண்டில் ஜேம்சு கிளார்க் மாக்சுவெல் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், காற்றின் மூலக்கூறுகளே அத்துகள்களாக இருக்கக்கூடுமா என்னும் வகையில் வினவினார். இதற்கான விடையை இராலே 1899 ஆம் ஆண்டில் வெளியிட்டார். தார்ச்சிலிங் பகுதியிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எவரெசுட்டுச் சிகரம் ஓரளவு தெளிவாகத் தெரிவதை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். அத்தனை தொலைவு கடந்து வரும் ஒளியில் எவ்வளவு இழப்பு ஏற்படுகிறது என்பதைக் கணக்கிட்டு, தூசி ஏதும் இல்லாவிடினும் காற்று மூலக்கூறுகள் மட்டுமே வானின் நீலத்தைப் பெருமளவு உண்டாக்கப் போதுமானவை எனக் காட்டினார். அவருடைய மகன் இராபர்ட் இசுட்ரட் 1918 ஆம் ஆண்டில், தூசி நீக்கப்பட்ட தூய காற்றும் ஒளியைச் சிதறடிப்பதை ஆய்வகத்தில் காட்டினார்.

இதன் வழியே வானின் நிறம் அணுக்களும் மூலக்கூறுகளும் உண்மையில் உள்ளன என்பதற்கு ஒரு சான்றாகவும் அமைந்தது. மூலக்கூறுகள் முற்றிலும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் அவை சிதறடிக்கும் ஒளியலைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துவிடும். காற்றில் மூலக்கூறுகள் ஒழுங்கின்றி அலைவதால் ஒவ்வொரு கணமும் ஓரிடத்தில் அடர்த்தி சற்றுக் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கிறது. இவ்வேறுபாடுகளே சிதறலை நிலைக்கச் செய்கின்றன என்பதை மரியான் சுமொலுகோவ்சுகி 1908 ஆம் ஆண்டிலும், ஆல்பர்ட் ஐன்சுடைன் 1910 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் தெளிவாக்கின.

இராமனும் கடலின் நீலமும்

ஆழ்கடலின் நீலம் நீரின் நிறம் அன்று, அது வானின் நீலம் நீர்ப்பரப்பில் எதிரொளிப்பதே என இராலே கருதியிருந்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்து அப்போது கல்கத்தாவில் பணியாற்றிய சி. வி. இராமன், 1921 ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாடு ஒன்றிற்காக இங்கிலாந்து சென்றார். கடற்பயணத்தில் நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலம் அவருடைய கவனத்தை ஈர்த்தது. இந்தியா திரும்பும் வழியில் நர்குண்டா என்னும் கப்பலில் இருந்தபடியே அவர் இதனைச் சோதித்தார்.

அவர் பயன்படுத்தியது நிக்கல் பட்டகம் என்னும் கையடக்கமான ஒளியியல் கருவி. இப்பெயர் நிக்கல் என்ற உலோகத்தைக் குறிப்பதன்று; இதனை உருவாக்கிய வில்லியம் நிக்கலின் பெயரால் வந்தது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி முழுமையாக முனைவாக்கம் பெறுவதால், இப்பட்டகத்தைத் தக்கவாறு திருப்பிப் பிடித்து அவ்வொளியைத் தடுத்துவிடலாம். இராலேயின் கருத்து சரியெனில், எதிரொளிப்பைத் தடுத்ததும் கடலின் நீலம் மறைந்திருக்க வேண்டும். மாறாக, மேற்பரப்பின் பளபளப்பு நீங்கியதும் நீலம் முன்னிலும் ஆழ்ந்து தெரிந்தது. எனவே அந்நிறம் நீரின் உள்ளிருந்தே வருகிறது என இராமன் முடிவு செய்தார். கப்பல் பம்பாயை அடைந்ததும் இது குறித்த குறிப்பை நேச்சர் ஆய்விதழுக்கு அனுப்பினார்.

காற்றைப் போலவே நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிப்பதே கடலின் நீலத்துக்குக் காரணம் என்பது இராமனின் விளக்கம். இதனைத் தொடர்ந்து அவரும் அவருடைய மாணவர்களும் நீர்மங்களில் ஒளி சிதறுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். 1928 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 அன்று, வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதி தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்வதை இராமன் கண்டறிந்தார். இது இராமன் விளைவு எனப்படுகிறது. இதற்காக 1930 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பெப்ரவரி 28 இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இராமனின் விளக்கமும் இறுதியானதாக அமையவில்லை. நீரின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைச் சிறிதளவு உறிஞ்சுகின்றன என்பதே நீரின் நீலத்துக்கு முதன்மைக் காரணம் என இன்று அறியப்படுகிறது. ஆழமான நீரில் செல்லும் ஒளியிலிருந்து சிவப்பு படிப்படியாக நீங்க, எஞ்சும் நீலம் சிதறலால் மேல்நோக்கித் திரும்பி வருகிறது. நிறம் நீரின் உள்ளிருந்து வருகிறது என்ற இராமனின் முடிவு நிலைத்தது. அதற்கு அவர் கூறிய காரணத்தில் உறிஞ்சலின் பங்கு பின்னர் சேர்க்கப்பட்டது.

தொடர்ந்து எழும் வினாக்கள்

வானம் ஏன் ஊதாவாகத் தெரிவதில்லை?

நீலத்தைவிட ஊதா மிகுதியாகச் சிதறுமாயின் வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும் என்பது மாணவர் பலர் கேட்கும் நியாயமான வினா. இதற்குக் காரணங்கள் சில உண்டு. சூரிய ஒளியில் நீலத்தைவிட ஊதா குறைவாக உள்ளது. மனிதக் கண்ணும் ஊதாவை நீலத்தைவிடக் குறைவாகவே உணர்கிறது. மேலும், கண்ணில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்பு உயிரணுக்கள் உள்ளன. வானிலிருந்து ஒரே ஒரு நிறம் வருவதில்லை. எல்லா நிறங்களும் வெவ்வேறு அளவில் கலந்து வருகின்றன. இக்கலவை மூவகை உயிரணுக்களிலும் உண்டாக்கும் உணர்வு, தூய நீலமும் வெண்மையும் கலந்த ஒளி உண்டாக்கும் உணர்வுக்கு நிகராக உள்ளது. எனவே வானின் நீலத்தில் பாதி விடை காற்றிலும் மீதி விடை கண்ணிலும் உள்ளது எனலாம்.

மாலையில் வானம் ஏன் சிவக்கிறது?

சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒளி வளிமண்டலத்தைக் குறுகிய வழியில் கடக்கிறது. சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது ஒளி கடக்க வேண்டிய காற்றின் அளவு ஏறத்தாழ 38 மடங்காகிறது. அவ்வழியில் நீல ஒளி பெரும்பாலும் சிதறிப் பிற திசைகளுக்குச் சென்றுவிட, சிவப்பும் செம்மஞ்சளுமே கண்ணை வந்தடைகின்றன. காலையிலும் இதுவே நிகழ்கிறது.

காற்றில் நுண்துகள்கள் மிகும்போது இந்நிறங்கள் மாறுபடுகின்றன. 1883 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபின், செப்டம்பர் மாதத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் காணப்பட்டது. ஒளியின் அலைநீளத்துக்கு ஒத்த பருமன் கொண்ட துகள்கள், வழக்கத்துக்கு மாறாகச் சிவப்பை மிகுதியாகச் சிதறடித்ததே இதற்குக் காரணம்.

சூரியன் மறைந்த பின்னும் தலைக்கு மேல் வானம் ஏன் நீலமாக உள்ளது?

அந்தி வேளையில் ஒளி மிக நீண்ட வழியில் காற்றைக் கடப்பதால் தலைக்கு மேலுள்ள வானமும் மஞ்சளாகவோ சாம்பலாகவோ மாறியிருக்க வேண்டும். ஆனால் அது ஆழ்ந்த நீலமாகவே இருக்கிறது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள ஓசோன் படலம் செம்மஞ்சள் ஒளியை உறிஞ்சுவதே இதற்கு முதன்மைக் காரணம் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்டு அல்பர்ட் 1953 ஆம் ஆண்டில் காட்டினார். நண்பகல் நீலமும் அந்தி நீலமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் அவற்றின் காரணங்கள் வேறுவேறு.

மேகம் ஏன் வெண்மையாக உள்ளது?

மேகத்தில் உள்ள நீர்த் துளிகள் பொதுவாக ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அளவுடையவை. இவை சிறியனவாகத் தோன்றினாலும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகையால் நான்காம் அடுக்கு விதி இவற்றுக்குப் பொருந்தாது. எல்லா நிறங்களும் ஏறத்தாழச் சமமாகச் சிதறுவதால் மேகம் வெண்மையாகத் தெரிகிறது. தடித்த மழைமேகத்தின் அடிப்பகுதிக்குக் குறைந்த ஒளியே வந்து சேர்வதால் அது கருமையாகத் தெரிகிறது.

எல்லா இடத்திலும் நீலம் ஒரே அளவில் உள்ளதா?

இல்லை. தொடுவானத்தை ஒட்டிய வானம் வெளிறியும் தலைக்கு மேலுள்ள வானம் ஆழ்ந்தும் இருக்கும். தொடுவானத்தின் திசையில் காற்றின் அளவு மிகுதியாதலால் ஒளி பலமுறை சிதறி, நிறங்கள் மீண்டும் கலந்து வெண்மையை அணுகுகின்றன. தூசியும் புகையும் மிகுந்த நகரங்களில் வானம் வெளிறித் தெரியும். மழை பெய்து ஓய்ந்தபின் தூசி நீங்குவதால் நீலம் தெளிவாகிறது. கொடைக்கானல், உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களில் மேலுள்ள காற்றின் அளவு குறைவதாலும் தூசி குறைவதாலும் தெளிந்த நாளில் சமவெளியைவிட ஆழ்ந்த நீலத்தைக் காணலாம்.

பிற கோள்களிலும் வானம் நீலமா?

நிலவில் வளிமண்டலம் இல்லை எனலாம். எனவே அங்குப் பகலிலும் வானம் கருமையாகவே இருக்கும். 1969 ஆம் ஆண்டு முதல் நிலவில் இறங்கிய அப்பல்லோ விண்வெளி வீரர்கள் எடுத்த ஒளிப்படங்களில் இதனைக் காணலாம். செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் புவியினதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கு மிதக்கும் நுண்ணிய தூசியே வானின் நிறத்தை முடிவு செய்கிறது. அதனால் பகலில் வானம் மஞ்சள் கலந்த பழுப்பாகவும், சூரியன் மறையும்போது சூரியனைச் சுற்றி நீலமாகவும் காணப்படுகிறது. கியூரியாசிட்டி ஊர்தி 2015 ஆம் ஆண்டில் இந்நீல அந்தியை வண்ணத்தில் படமெடுத்தது.

வானின் ஒளியால் உயிரினங்களுக்குப் பயன் உண்டா?

தேனீக்கள் வானிலிருந்து வரும் ஒளியின் முனைவாக்கத்தை உணரக்கூடியவை என்பதைக் கார்ல் வான் பிரிசு 1949 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மேகம் சூரியனை மறைத்திருந்தாலும் வானில் ஒரு சிறு நீலப் பகுதி தெரிந்தால் போதும். தேனீ அதனைக் கொண்டு திசையை அறிந்து கூட்டுக்குத் திரும்பும்.

பரவலான பிழையான விடைகள்

- கடலின் நிறம் வானில் எதிரொளிக்கிறது: கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலைவனங்களிலும் வானம் நீலமாகவே உள்ளது. எனவே இது பொருந்தாது.
- வானின் நிறமே கடலின் நிறம்: அமைதியான நீர்ப்பரப்பு வானை எதிரொளிப்பது உண்மையே. ஆனால் ஆழ்கடலின் நீலத்தில் பெரும்பங்கு நீரின் உள்ளிருந்து வருகிறது. நுண்பாசிகள் மிகுந்த கடல் பச்சையாகவும், வண்டல் மிகுந்த ஆற்று முகத்துவாரம் பழுப்பாகவும் ஒரே நீல வானின் கீழ் தெரிகின்றன.
- தூசியே காரணம்: தூசி மிகுந்தால் நீலம் கூடுவதில்லை, குறைகிறது.
- காற்று நீல நிறமுடையது: காற்று நீலக் கண்ணாடியைப் போன்றதாயின் அதன் வழியே வரும் மாலைச் சூரியனும் நீலமாகத் தெரிய வேண்டும். அது சிவப்பாகத் தெரிகிறது.

எளிய சோதனைகள்

- பால் கலந்த நீர்: ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி அதில் சில துளிகள் பால் கலந்து, இருண்ட அறையில் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைச் செலுத்த வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் நீர் சற்று நீலமாகவும், விளக்குக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் ஒளி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தெரியும். முன்னது பகல் வானையும் பின்னது மாலைச் சூரியனையும் ஒத்தது. பால் மிகுந்தால் நீர் மேகத்தைப் போல வெண்மையாகிவிடும்.
- புகை: ஊதுவத்தியின் நுனியிலிருந்து எழும் புகை இருண்ட பின்னணியில் நீலச் சாயலுடன் தெரியும்.
- முனைவாக்கக் கண்ணாடி: போலராய்டு வகைக் குளிர்கண்ணாடியைக் கண்முன் பிடித்து, சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள நீல வானை நோக்கி மெல்லச் சுழற்றினால் வானம் மாறி மாறி இருண்டும் வெளுத்தும் தெரியும். மேகத்தின்மேல் இம்மாற்றம் மிகக் குறைவு. எந்நிலையிலும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. குளிர்கண்ணாடி அணிந்திருந்தாலும் அது கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கும்.

குழந்தைகளுக்கு விடையளித்தல்

இவ்வினாவைக் கேட்கும் குழந்தைக்கு நான்காம் அடுக்கு விதி தேவைப்படுவதில்லை. மிகச் சிறிய குழந்தைக்கு, "சூரிய ஒளியில் எல்லா நிறமும் இருக்கிறது. காற்று அதில் நீலத்தை மட்டும் மிகுதியாக வாரி இறைக்கிறது, அதனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலமாகத் தெரிகிறது" என்ற அளவில் கூறினாலே அது உண்மையான விடையாகும். இவ்விடை சுருக்கமானது, ஆனால் பிழையற்றது. குழந்தை வளர்ந்தபின் இதன்மேல் அலைநீளத்தையும் மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலின் எதிரொளிப்பு என்பது போன்ற விடையோ பின்னர் முழுவதும் களைய வேண்டியதாகிறது.

குழந்தை அடுத்துக் கேட்கக்கூடிய "அப்படியானால் மேகம் ஏன் வெள்ளை?", "மாலையில் ஏன் சிவப்பு?" ஆகிய வினாக்கள் முதல் விடையைச் சோதிக்கும் வினாக்களும் ஆகும். தூசியே காரணம் என்ற விடையும், காற்றே நீலம் என்ற விடையும் இச்சோதனையில் தோற்கின்றன. பால் கலந்த நீர்ச் சோதனையைக் குழந்தையே செய்து பார்க்கும்போது, விடையைச் சொன்னவர் யார் என்பதைவிட அது பொருந்துகிறதா என்பதே முதன்மை பெறுகிறது. இராலேயின் கருத்தை இராமன் கப்பலின் மேல்தளத்தில் சோதித்ததும் இம்முறையிலேயே ஆகும்.

இராமன் தமது 80 ஆம் அகவையில், 1968 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் அகமதாபாத்தில், மாணவர்களிடையேயும் பொதுமக்களிடையேயும் அறிவியலைப் பரப்புவதற்காக விக்ரம் சாராபாய் முயற்சியால் அமைந்த சமூக அறிவியல் மையத்தின் தொடக்கத்தை ஒட்டி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்கு அவர் தேர்ந்துகொண்ட பொருள், வானம் ஏன் நீலமாக உள்ளது என்பதே. ஆய்வகம் ஏதுமின்றித் தலையை நிமிர்த்திப் பார்த்தாலே காணக்கூடிய ஒன்று என்பதால் அப்பொருளை எடுத்துக்கொண்டதாக அவர் விளக்கினார்.